அடிக்கிற கையும் நடுங்கணும்: சண்டைக்கலையும் பேயும் ஒரே டேபிள்ல, முழு வழிகாட்டி

டேபிள சுத்தி உக்காந்து டைஸ உருட்டி, ஆளுக்கு ஒரு கேரக்டரா கதை நடத்துற ரோல்-பிளேயிங் கேம்ல சண்டைக்கலையையும் பேய்க்கதையையும் சேத்து முதல் தடவை நான் ட்ரை பண்ணது, பேய்ங்க வெளிய வர்ற மாசம்னு சீனவங்க நம்பற ஒரு ஏழாம் மாசத்துல. சிங்கப்பூர் அங் மோ கியோவுல ஃப்ரெண்ட் வீடு, ஹால்ல பாய் விரிச்சு நாலு பிளேயர், நான் ஜிஎம் (கேம் மாஸ்டர், கதைய ஓட்டுறவன்), கீழ புல்தரையில சீனவங்க தகர டின்ல காகிதம் எரிக்கிற வாசம் ஜன்னல் வழியா மேல வந்துகிட்டே இருக்கு, லைட்டையும் பாதி அணைச்சாச்சு, ஒரு பேய்க்கதைக்கு இதுக்கு மேல என்ன வேணும்னு நெனச்சேன். மூணு வாரமா உக்காந்து எழுதின மோகினி வந்தா. சிலம்பம் கேரக்டர் வச்சிருந்த தம்பி டைஸ உருட்டினான், இருபது விழுந்துச்சு, அடுத்து குத்துவரிசை கேரக்டர் ரெண்டு அடி, ரெண்டாவது ரவுண்டு முடியறதுக்குள்ள மோகினி காலி. "அடுத்து என்னண்ணே?"ன்னு கேட்டான்.

அவன் மேல தப்பே இல்ல. அவளுக்கு நாப்பது ஹிட் பாயிண்ட், அதாவது உயிர் பாயிண்ட்னு எழுதி வச்சது நான்தான். ஒரு பேய்க்கு எண்ணு குடுத்துட்டா அந்த எண்ண சைபர் ஆக்கறதுதான் பிளேயர் வேலைன்னு ஆயிடும், அதுக்கப்புறம் வாழைமரம், மல்லிப்பூ வாசம், வெள்ளைச் சேலைன்னு நீங்க என்ன சொன்னாலும் அது பின்னாடி ஓடுற பாட்டு மாதிரிதான்.

அன்னையிலேருந்து இந்த ரெண்டையும் எப்படி ஒட்ட வைக்கிறதுன்னு நான் விடாம பாத்துகிட்டு வரேன். தூக்கிப் போட்டது நெறைய, தேறுனது கொஞ்சம். தேறுனத இங்க படிப்படியா எழுதுறேன், இந்த வாரக் கடைசியிலயே நீங்க ஒரு செஷன் ஓட்டிப் பாக்கற அளவுக்கு.

படி 1: ரெண்டும் எங்க முட்டிக்குதுன்னு பாருங்க

சண்டைக்கலைக் கதையில ஒருத்தன் பயிற்சி பண்ணப் பண்ண பலம் ஏறும். பேய்க்கதையில நேரம் போகப் போக ஆளோட பலம் இறங்கும். ஒண்ணு ஏறுது ஒண்ணு இறங்குது, ரெண்டையும் சும்மா ஒரே சட்டியில போட்டு கிண்டினா எது பலமா இருக்கோ அது மத்தத முழுங்கிடும். என் மோகினிக்கு நடந்தது அதுதான். நேர்மாறாவும் நடக்கும், எந்த அடியும் படாத பேய வச்சா சிலம்பம் எடுத்த பிளேயர் மூணு மணி நேரம் கம்ப வச்சுகிட்டு சும்மா ஓடிகிட்டே இருப்பான், அது அவனுக்குப் பண்ற அநியாயம், ஏன்னா கேரக்டர் போடும்போது நீங்கதான் சரின்னு சொன்னீங்க.

இதுக்கு வழி எனக்கு எந்த ரூல் புத்தகத்துலயும் கெடைக்கல, கலிங்கத்துப்பரணியில கெடைச்சுது. ஸ்கூல்ல செய்யுளா மனப்பாடம் பண்ணி மறந்துட்டோம், ஆனா செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டுல பண்ணி வச்சிருக்கறது அப்படியே நம்ம வேலை. குலோத்துங்கன் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில கலிங்கத்துல போய் அடிக்குது, அது சண்டைப் பக்கம். ஆனா கதை அங்க ஆரம்பிக்கல, காளி இருக்கற காட்டுல, கோயில்ல, பசியில வத்திப்போன பேய்ங்ககிட்ட ஆரம்பிக்குது. பசி தாங்கலன்னு பேய்ங்க காளிகிட்ட முறையிடுது. அப்புறம்தான் போர். போர் முடிஞ்சதும் அதே பேய்ங்க களத்துல எறங்கி செத்தவங்க பல்ல அரிசியாக்கி கூழ் காய்ச்சிக் குடிக்குது.

அதாவது வீரன் அடிக்கிற ஒவ்வொரு அடியும் பேய்க்குச் சோறு. இத விட நல்ல கேம் டிசைன நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. என்னோட மொத்த ரூலும் இந்த ஒரு விஷயத்துல இருந்து வந்ததுதான்: அடிக்க விடுங்க, நல்லாவே அடிக்க விடுங்க, ஆனா அடிச்ச அடி பேயோட வயித்துக்குப் போகணும்.

படி 2: எந்த சிஸ்டம்

இத சீக்கிரமா முடிச்சுடறேன், ஏன்னா எல்லாரும் இங்கதான் மாசக்கணக்குல மாட்டிகிட்டு விளையாடாமலே இருந்துடறாங்க.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல மாங்க்ங்கற சண்டைத் துறவி கிளாஸ் (கேரக்டர் வகை) 1975லயே வந்துடுச்சு, சண்டைக்கலைக்கு நல்ல இடம், ஆனா லெவல் ஏற ஏற உயிர் பாயிண்ட் ஏறிகிட்டே போகும், பயம் நிக்காது. கால் ஆஃப் கதுல்ஹு 1981ல வந்துச்சு, சேனிட்டின்னு மனநிதானத்தக் காட்டுற ஒரு எண் கொறைஞ்சுகிட்டே வர்றதுதான் அதோட உயிர், பயத்துக்கு அத மிஞ்ச ஆளில்ல, ஆனா அதுல கை நீட்டுற ஆளு சீக்கிரம் சாவான். ராபின் லாஸ் எழுதின ஃபெங் ஷூய் 1996ல வந்துச்சு, ஹாங்காங் சண்டைப்படத்த அப்படியே டேபிளுக்குக் கொண்டு வந்த கேம், பேரில்லாத அடியாளுங்க ஒரு நல்ல அடியில சாய்ஞ்சுடுவாங்க, பிளேயர் எவ்வளவு அழகா வர்ணிக்கிறானோ அதுக்கு கேம் எடம் குடுக்கும். அதுல பேய், மந்திரவாதி எல்லாம் இருக்கு, ஆனா பயம் அதோட நோக்கம் இல்ல.

நான் எடுக்கறது ஃபெங் ஷூய்ல இருந்து அடியாள் ரூல மட்டும், அப்புறம் 2010ல வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட்ல இருந்து ரெண்டு ஆறுமுக டைஸ உருட்டுற முறைய. 10ம் அதுக்கு மேலயும் வந்தா முழு வெற்றி, 7 முதல் 9 வரைக்கும் வந்தா வெற்றி ஆனா ஏதோ ஒண்ணு போகும், 6ம் அதுக்குக் கீழயும் வந்தா தோல்வி, என்ன ஆகும்னு ஜிஎம் முடிவு பண்ணுவார். கூட எதுவும் சேக்காம உருட்டினா 36ல 15 தடவை தோல்வி, 15 தடவை நடுவுல, 6 தடவைதான் முழு வெற்றி. கூட 1 சேத்தீங்கன்னா 10, 16, 10ன்னு மாறும். இந்த நடு எடம்தான் நமக்கு வேணும், அடி பட்டுச்சு ஆனா ஏதோ போச்சுங்கற அந்த எடம்.

படி 3: மூச்சு, இதுதான் எல்லாம்

லிட்டில் இந்தியா தேக்காவுல போய் சோழி வாங்குங்க. பல்லாங்குழிக்கு வைக்கிற அதே சோழி, மலாய்க்காரங்க சோங்காக்னு விளையாடறதுக்கு வைக்கிறது. 42 வேணும். நாலு பிளேயருக்கு ஆளுக்கு 8, அதுதான் அவங்க மூச்சு. மிச்சம் 10 டப்பாவுல. நடுவுல ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைங்க, பிளாஸ்டிக் வேணாம், ஏன்னு சொல்றேன்.

கிண்ணம் பேயோட வயிறு. பிளேயர் ஒரு வித்தைய எடுத்து விட்டா ஒரு சோழிய கிண்ணத்துல போடணும், அப்பதான் உருட்டும்போது கூட 1 கெடைக்கும். வித்தை இல்லாம சும்மா கை கால் ஆட்டலாம், அதுக்குச் சோழி வேணாம், கூட 1ம் கெடையாது, பேய் மேல படவும் படாது. பயமுறுத்தற எதையாவது கண்ணால பாத்தா ரெண்டுல ஒண்ணு: ஒரு சோழிய போட்டுட்டு நிதானமா நிக்கலாம், இல்லன்னா போடாம அந்த ரவுண்டு உறைஞ்சு நிக்கணும்.

எவர்சில்வர் எதுக்குன்னா அந்த டங்குனு ஒரு சத்தம் வருது பாருங்க, அதுக்கு. மொத அரை மணி நேரம் யாரும் கண்டுக்க மாட்டாங்க. கிண்ணம் ஆறைத் தாண்டினதும் ஒருத்தர் சோழி போடும்போது மத்த மூணு பேரும் கிண்ணத்தப் பாப்பாங்க. அது நீங்க ஒரு வார்த்தை பேசாம வர்ற பயம்.

கிண்ணத்துல 5 வரைக்கும் பேய் வெறும் வாசம், சத்தம், ஈரமான காலடி. 6 ஆனதும் பொருள நகத்தும், ஒரே ஒரு ஆளு கண்ணுக்கு மட்டும் தெரியும். 12 ஆனதும் அதுக்கு உடம்பு வந்துடும். உடம்பு வந்தா அது உங்கள அடிக்கலாம். ஆனா உடம்பு வந்தாத்தான் நீங்களும் அத அடிக்க முடியும். இந்த எடத்துலதான் சண்டைக்கலை பிளேயருக்கு உண்மையான முடிவு ஒண்ணு வருது: அடிக்கணும்னா மொதல்ல தீனி போட்டு வளக்கணும்.

உடம்பு வந்தப்புறம் வித்தையால அடிச்சா, 10ம் அதுக்கு மேலயும் வந்தா கிண்ணத்துல இருந்து 4 எடுத்து டப்பாவுல போடுங்க, 7 முதல் 9 வரைக்கும் 2 எடுங்க. 6ம் கீழயும் வந்தா எடுக்கறதுக்குப் பதிலா அடிச்சவன் கையில இருந்து பேய் இன்னொரு சோழிய பிடுங்கி கிண்ணத்துல போட்டுக்கும். கிண்ணம் 6க்குக் கீழ போனா அது மறைஞ்சுடும், சாகல, காத்துகிட்டு இருக்கும். கிண்ணம் சுத்தமா காலியானாத்தான் போகும், ஆனா மறைஞ்சு நிக்கிறப்ப அடிக்க முடியாது, மிச்சத்த அவிழ்த்துதான் எடுக்கணும். அத அடுத்து சொல்றேன்.

மறையறத விட்டுட்டு வெறும் அடியாலயே கடைசி வரைக்கும் காலி பண்ணலாம்னே வச்சுக்குவோம், அப்பக்கூட என்ன ஆகும்னு நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். 12ல இருந்து சைபருக்கு சராசரியா 17 அடி வேணும், அதுக்கு 21 சோழி போகும். 32ல 12 கிண்ணத்துக்குப் போனா கையில இருக்கறது 20. ஒண்ணு பத்தாது. இந்த ஒண்ணுக்காகத்தான் அவங்க பேயப் பத்தி யோசிக்க ஆரம்பிப்பாங்க.

யோசிச்சா என்ன கெடைக்கும்? பேய்க்கு ஒரு கட்டு வைங்க, அது ஏன் இங்க நிக்குதுங்கற காரணம். அதுல ஒரு உண்மைய கண்டுபுடிச்சு அதுக்கு ஏத்த மாதிரி பிளேயர் நடந்துகிட்டா, உடம்பு இருந்தாலும் இல்லாட்டியும், உருட்டாமலே கிண்ணத்துல இருந்து 4 எடுத்துடலாம்.

மூச்ச திரும்பப் பிடிக்கிறதுக்கு ஆளுக்கு ஒரு தடவை வாய்ப்பு. அமைதியான ஒரு காட்சி: ஒண்ணா உக்காந்து சாப்பிடறது, ஒருத்தன் காயத்துக்கு இன்னொருத்தன் எண்ணெய் தேய்க்கிறது, எதுக்குப் பயப்படறேன்னு கேரக்டர் வாயத் தொறந்து சொல்றது. டப்பாவுல இருந்து ரெண்டு சோழி. கையில சைபர் ஆனா ஆளு சாகறதில்ல, மூச்சு முட்டி விழுவான், எந்திரிக்கும்போது உடம்புல ஒரு அடையாளத்தோட எந்திரிப்பான், அந்த அடையாளம் அடுத்த செஷனுக்கும் வரும்.

இன்னொண்ணு, மூச்சப் பிடிச்சு அடக்குறதும் ஒரு வித்தை. 80கள்ல வந்த ஹாங்காங் படங்கள்ல குதிச்சுக் குதிச்சு வர்ற பொணம் மூச்ச வச்சுத்தான் ஆளக் கண்டுபுடிக்கும், மூச்ச அடக்கினா பக்கத்துல நின்னாலும் அதுக்குத் தெரியாது. நம்மகிட்டயும் அப்படியே: இந்த ரவுண்டு மூச்ச அடக்குறேன்னு சொன்னா சோழி போகாது, பேய் கண்டுக்காது, ஆனா பேசவும் கூடாது அடிக்கவும் கூடாது. பிளேயர் வாயையே மூட வைங்க. நெஜமா மூச்சப் பிடிக்கச் சொல்லாதீங்க, ஆஸ்துமா இருக்கற ஆளு உக்காந்திருக்கலாம்.

படி 4: கலையில என்ன இருக்குன்னு தெரிஞ்சுகிட்டு வித்தை எழுதுங்க

"பறந்து உதைக்கிறேன்"னு எழுதினா எல்லாக் கலையும் ஒண்ணாயிடும். ஒவ்வொரு கலைக்கும் ஒரு பலமும் அந்த பலத்துக்குள்ளயே ஒரு ஓட்டையும் இருக்கு, பேய் வரப்போறது அந்த ஓட்டை வழியாத்தான்.

சிலம்பத்துல கம்பு சுத்துற வரைக்கும் அந்த வட்டத்துக்குள்ள எதுவும் வராது. வித்தையா எழுதினா: ரவுண்டுக்கு ஒரு சோழி, சுத்திகிட்டே இருக்கற வரைக்கும் உங்களையும் பக்கத்துல நிக்கிற ஒருத்தரையும் பேய் தொட முடியாது. ஓட்டை எங்கன்னா கம்பு ஆளோட நெத்தி உயரம் இருக்கு, அத சுத்த எடம் வேணும். எச்டிபின்னு சொல்ற அரசாங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இருக்கற திறந்தவெளி, வாய்ட் டெக்ல சுத்தலாம். எச்டிபி படிக்கட்டுல?

மலாய்க்காரங்க சண்டைக்கலை சிலாட்ல குடா-குடான்னு சொல்ற அந்தத் தாழ்ந்த நிலை, கால் ரெண்டும் தரையில வேர் விட்ட மாதிரி. வித்தை: உங்களத் தூக்கவோ இழுக்கவோ முடியாது. ஓட்டை: தரை இருக்கணும். தண்ணி, சேறு, ஓடுற லிஃப்ட் எல்லாம் தரை இல்ல. 2019ல பென்சாக் சிலாட்ட யுனெஸ்கோ கலாச்சாரப் பட்டியல்ல சேத்தாங்க, நம்ம ஊரு ஆளுங்களே உலக சாம்பியன் ஆயிருக்காங்க, அதனால உங்க டேபிள்ல ஒரு மலாய் ஃப்ரெண்டு இருந்தா நெஜமாவே கத்துகிட்டவரா இருக்கலாம், அவர பேச விடுங்க.

வர்மம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மரபுல 108 வர்மம், அதுல 12 படுவர்மம், 96 தொடுவர்மம்னு பிரிப்பாங்க. முக்கியமானது என்னன்னா ஆசான் அடிக்கிற எடத்த மட்டும் சொல்லித்தர மாட்டார், அடிச்சத எடுக்கற இளக்குமுறையும் சேத்துத்தான் சொல்லித்தருவார், கட்டத் தெரிஞ்சவனுக்கு அவிழ்க்கவும் தெரியணும். கேம்ல: பேய் ஒருத்தர் உடம்புல ஏறியிருந்தா வர்மத்தால அந்த உடம்புக்குள்ளயே பேயக் கட்டிப் போடலாம், ஆளுக்குக் காயமே ஆகாது. ஆனா செஷன் முடியறதுக்குள்ள இளக்கணும், இளக்கலன்னா பேயும் ஆளும் சேந்தே இருப்பாங்க. எங்க டேபிள்ல இந்த ஒரு வித்தை மொத்த கேம்பெயினையும், அதாவது பல செஷனா ஓடுற கதையையே, திருப்பிப் போட்டுச்சு, கட்டப்பட்டது ஒரு கேரக்டரோட அக்கா.

ஒவ்வொரு கேரக்டருக்கும் மூணு வித்தை போதும், கூடவே ஒரு விரதம். முதல் அடி நான் அடிக்க மாட்டேன், ஆசான் பேர வெளிய சொல்ல மாட்டேன், ராத்திரியில கம்பத் தொட மாட்டேன், இந்த மாதிரி ஏதாவது. விரதம் இருக்கற வரைக்கும் அவருக்கு ஒன்பதாவது சோழி ஒண்ணு, சட்டைப் பையில வச்சுக்கலாம், அதுக்கு டப்பாவுல இருந்து எடுத்துக்கங்க. விரதம் மீறினா அது கிண்ணத்துக்குப் போகும். நல்ல ஜிஎம் பேய விட்டு ஆள அடிக்க மாட்டார், விரதத்த அடிப்பார்.

படி 5: எடம்

நம்ம ஊருல பேய்க்கதைன்னா உடனே சாங்கி பழைய ஆஸ்பத்திரின்னு போயிடறாங்க. எனக்கு அதுல ஆர்வமே இல்ல, எல்லாரும் போய் மிதிச்சு மிதிச்சு அங்க பயமே மிச்சம் இல்ல.

புக்கிட் பிரவுன பாருங்க. 1922ல தொறந்து 1973ல மூடின சீனர் கல்லறைத் தோட்டம், ஏறக்குறைய ஒரு லட்சம் கல்லறை, நடுவுல லோர்னி ஹைவேக்காக ஆயிரக்கணக்குல தோண்டி எடுத்தாங்க, ரோடு 2018ல தொறந்துச்சு. இதெல்லாம் நெறைய பேருக்குத் தெரியும். ஆனா அங்க சில பெரிய கல்லறைக்கு ரெண்டு பக்கமும் தலைப்பாகை கட்டின சீக்கியக் காவக்காரர் சிலை நிக்கும், அந்தக் காலத்துல பணக்காரங்க வீட்டு வாசல்ல காவல் நின்னவங்க மாதிரியே. செத்தவருக்கும் காவல். சண்டைக்கலைப் பேய்க்கதைக்கு இதுக்கு மேல ஒரு எதிராளி வேணுமா, அவர் கெட்டவரே இல்ல, வேலையச் செய்யறார், உள்ள போகணும்னா அவரத் தாண்டித்தான் போகணும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், கல்லறையில இருக்கற நெஜக் குடும்பத்துப் பேர எடுக்காதீங்க, அங்க போய் உக்காந்து விளையாடவும் செய்யாதீங்க, இன்னமும் சொந்தக்காரங்க வந்து கும்பிடற எடம்.

காடு வேணும்னா தெக்கோங், என்எஸ்னு சொல்ற தேசிய சேவைக்குப் பயிற்சி குடுக்கற தீவு. என்எஸ் முடிச்ச யாரக் கேட்டாலும் ஒரு கதை வச்சிருப்பாங்க, அதோட ஒரு பழக்கமும் சொல்லுவாங்க, காட்டுல மரத்துக்குப் பக்கத்துல ஒண்ணுக்குப் போறதுக்கு முன்னாடி மன்னிச்சுக்கோங்கன்னு அனுமதி கேக்கறது. அத அப்படியே ரூலா வைங்க: ஒரு எடத்துக்குள்ள போகும்போது பிளேயர் தன் வாயால அனுமதி கேட்டா கிண்ணத்துல ஒண்ணு கொறைங்க. நீங்களா ஞாபகப்படுத்தக் கூடாது.

ஆனா நான் மறுபடி மறுபடி போறது பழைய எச்டிபி புளோக்குக்குத்தான். லிஃப்ட் அப்கிரேடிங்குக்கு முன்னாடி லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காதுல்ல, ஒண்ணு, அஞ்சு, ஒன்பதுன்னு நிக்கிற புளோக் எத்தனை இருந்துச்சு. ஏழாவது மாடி வீட்டுக்குப் போகணும்னா அஞ்சுல எறங்கி ஏறணும், இல்ல ஒன்பதுல எறங்கி கீழ வரணும். அந்த ரெண்டு மாடிப் படிக்கட்டு, அகலம் ரெண்டு ஆளு, ஒரு டியூப் லைட்டு. அங்க கம்பு சுத்த முடியாது.

படி 6: பேய எழுதற விதம்

என்ன வேணும், எது அதுக்குத் தெரியாது, கட்டு எது. இந்த மூணு வரிக்கு மேல எழுதாதீங்க, ஹிட் பாயிண்ட் கண்டிப்பா எழுதாதீங்க.

வாசத்த முதல்ல முடிவு பண்ணுங்க. மல்லிப்பூன்னா தமிழ் பிளேயர் மோகினின்னு நெனைப்பாங்க, கம்போஜாப் பூ, அதாவது ஃப்ராஞ்சிபானின்னா, மலாய் பிளேயர் அவங்க கதையில வர்ற பெண்பேய் பொந்தியானாக்னு உடனே நிமிந்து உக்காருவாங்க. கலந்த டேபிள்ல இது ஒரு வரம், ஒவ்வொருத்தருக்கும் அவங்க பாட்டி சொன்னது மட்டும்தான் தெரியும், அத மத்தவங்களுக்குச் சொல்லியே ஆகணும். நான் ஒரு தடவை முதல் மணி நேரம் மல்லி, அப்புறம் கம்போஜான்னு மாத்தினேன், ஒரு வார்த்தைதான் மாறுச்சு, மூணு பேரு ஒண்ணா என்னப் பாத்தாங்க.

மனுச எதிராளியும் வேணும். பேய் மட்டும் இருந்தா கிண்ணம் நெறையாது. கடன்முதலைன்னு சொல்ற கந்துவட்டிக்காரன் அனுப்பின பசங்க நாலு பேரு காரிடார்ல கதவு மேல செவப்புப் பெயிண்ட் ஊத்திகிட்டு நிக்கிறாங்கன்னு வைங்க. ஒரு அடியில சாயற ஆளுங்க, பிளேயருக்கு ஜாலியா இருக்கும், வித்தை வித்தையா எடுத்து விடுவாங்க, டங், டங், டங். சண்டை முடிஞ்சு பெயிண்ட் வழியற கதவப் பாத்தா எல்லாம் செவப்பா இருக்கு, எது பெயிண்ட் எது ரத்தம்னு தெரியாது, கிண்ணத்துல எட்டு. பரணியில வர்ற பசி இதுதான்.

படி 7: விளையாடறதுக்கு முன்னாடி பேசிடுங்க

இந்தப் படிய தாண்டாதீங்க. நம்ம டேபிள்ல உக்கார்றவங்கள்ல ஒருத்தர் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், இன்னொருத்தர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்ல தீ மிதிச்சிருப்பார். அவங்களுக்கு அருள் வர்றது கதை இல்ல. அதனால காளி, முனீஸ்வரன், மாடன் யாரையும் எதிராளியா வைக்காதீங்க, காவல் தெய்வத்த மான்ஸ்டர் ஆக்கறது தப்புன்னு நான் நெனைக்கிறேன், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. அவங்க காவலுக்கு இருக்காங்க, கோயில் மணி கேட்டா கிண்ணத்துல ஒண்ணு கொறையும், அவ்வளவு போதும். மலாய், சீன வழிபாட்டுக்கும் இதே மரியாதை.

எதெல்லாம் கதையில வரவே கூடாது, எதெல்லாம் வந்தாலும் விவரமா வேணாம்னு ஆளுக்கு ஒரு சீட்டுல எழுதி வாங்குங்க, பேர் போட வேணாம். நடுவுல ஒரு அட்டையில எக்ஸ்னு எழுதி வைங்க, யார் தொட்டாலும் காரணம் கேக்காம காட்சிய மாத்திடணும். பொந்தியானாக்னு எடுத்தீங்கன்னா பிரசவத்துல போன உயிர்ங்கற பேச்சு வரும், டேபிள்ல யாருக்கு என்ன நடந்திருக்கும்னு நமக்குத் தெரியாது.

படி 8: ஓட்டும்போது

மூணு மணி நேரம் வைங்க. முதல் அம்பது நிமிஷம் கிண்ணம் ஆறத் தொட வேணாம், ரெண்டு மணி நேரத்துல பன்னெண்டு வரணும். லேட்டானா அடியாளுங்கள எறக்குங்க, சீக்கிரம் நெறைஞ்சா சாப்பாட்டுக் காட்சி ஒண்ணு வைங்க.

சண்டைய சொல்லும்போது பிளேயர்கிட்ட எப்பவும் ஒரே கேள்வி: கால் எங்க இருக்கு? அடி எப்படி விழுந்துச்சுன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க, கால் எங்கன்னு கேட்டாத்தான் எடம் கண்ணுக்கு வரும், படியில ஈரம் வரும், செவுரு முதுகுல படும்.

ரெண்டாவது தடவை அதே நாலு பேரோட ஓட்டினத சொல்றேன், இதெல்லாம் சேந்து எப்படி வருதுன்னு தெரியும். அந்தப் பழைய புளோக்தான். வாய்ட் டெக்ல ஒரு ஆசான் வருஷக்கணக்கா பசங்களுக்குச் சிலம்பம் சொல்லித் தந்தார், அவர் மகளுக்கு மட்டும் சொல்லித் தரல, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு விட்டுட்டார். அவ படிக்கட்டுத் திருப்பத்துல உக்காந்து பாத்தே கத்துகிட்டா. ராத்திரி யாரும் இல்லாதப்ப அந்தப் படியிலயே சுத்திப் பாத்தா, ஒரு நாள் விழுந்துட்டா. கட்டு இதுதான். அவளுக்கு வேணுங்கறது ஒரு கம்பு, யாராவது குடுத்து வாங்கணும், அவளா எடுத்தது இல்ல.

பிளேயர்ஸுக்கு இது தெரியாது. அடியாள் சண்டை முடிஞ்சு ஏழாவது மாடிக்கு எறங்கி வர்றாங்க, கிண்ணம் பன்னெண்டு, டியூப் லைட்டு விட்டு விட்டு எரியுது, கீழ் திருப்பத்துல அவ நிக்கிறா. கையில எதுவும் இல்ல, ஆனா கை சுத்துது, கம்பு பிடிச்ச மாதிரியே.

தம்பி கம்பு சுத்தறேன்னு சோழி எடுத்தான். "கால் எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். "ரெண்டாவது படி." "கம்போட முனை?" கொஞ்சம் யோசிச்சான். "செவுத்துல இடிக்கும்ணே." ஆமான்னேன். கம்ப நடுவுல பிடிச்சு குத்தினான், எட்டு வந்துச்சு, ரெண்டு எடுத்தோம். சிலாட் கேரக்டர் அடிச்சது அஞ்சு, அந்தப் பிளேயர் கையில இருந்து இன்னொரு சோழி போச்சு. நாலு பேருமா மூணு ரவுண்டு அடிச்சதுல கிண்ணம் எட்டுக்கு வந்துச்சு, எல்லார் கையிலயும் சேத்து ஆறு சோழிதான் இருக்கு.

அப்பதான் பாலிடெக்னிக்ல படிக்கிற தங்கச்சி, வர்மம் கேரக்டர் வச்சிருந்தவ, சொன்னா: "அவ நம்மள அடிக்கல. ஆசான் பசங்களுக்கு மொதல்ல சொல்லித் தர்ற அடிவரிசையத்தான் பண்றா, கீழ வாய்ட் டெக்ல பாத்தோமே." அத நான் மொத அரை மணி நேரத்துல ஒரு வரியில சொல்லியிருந்தேன். முதல் உண்மை, கிண்ணத்துல நாலு கொறைஞ்சுது. நாலுதான் மிச்சம், அவ பாதி மறைஞ்சுட்டா, அடிக்க உடம்பு இல்ல.

தம்பி ரொம்ப நேரம் பேசல. அவன் கேரக்டரோட விரதம் "கம்ப யார் கையிலயும் குடுக்க மாட்டேன்." அவனே எழுதினது. சட்டைப் பையில இருந்து ஒன்பதாவது சோழிய எடுத்து கிண்ணத்துல போட்டான், அஞ்சாச்சு. "கம்ப அவ நிக்கிற படியில வைக்கிறேன். எடுத்துக்கோங்கறேன்." உருட்டல் கெடையாது. நாலு எடுத்தேன், ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அத அவனே எடுத்து என் கையில குடுத்து, "அவளுக்கு வணக்கம் வைக்கிறேண்ணே, மாணவனுக்கு வைக்கிற மாதிரி"ன்னான். ரூல்ல அதுக்கு எடம் இல்ல. வாங்கி டப்பாவுல போட்டேன்.

உங்க ரூலும் அந்த மாதிரி எடத்துல வழிவிடணும், கிண்ணத்த அவங்க புரிஞ்சுகிட்ட அப்புறம் கணக்குப் பாத்துகிட்டு இருக்காதீங்க.

முடிஞ்சதும் உடனே எந்திரிக்க விடாதீங்க. லைட்ட முழுசா போட்டு, தண்ணி குடிச்சுட்டு, எந்த எடத்துல நெஜமா பயம் வந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா கேட்டு எழுதி வைங்க, அடுத்த பேய அதுல இருந்துதான் எழுதணும். அன்னைக்கு நான் கேட்டேன். ஒருத்தர் பெயிண்ட் வழிஞ்ச கதவுன்னார், ஒருத்தர் அஞ்சாவது மாடியில லிஃப்ட் கதவு தொறந்து ஆளே இல்லாம மூடுனதுன்னார். தங்கச்சி மட்டும், தம்பி கம்ப படியில வைக்கிறேன்னு சொன்னப்ப கையில இருந்த பேனாவ தரையில வச்சான்ல, அந்தச் சத்தம்னா.